சாஹேப் வந்தபோது மரத்தை மூடிவிட்டோம்

தொல்லியல் ஆய்வகத்தின் ஈர மரப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள் நான்கு பேரும் என்னை ஏதாவது எழுதித் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறீர்கள். சந்தோஷம். ஆனால் மரத்தை எப்படிக் கழுவுவது, எந்தக் கரைசலில் எத்தனை மாதம் ஊறப்போடுவது என்றெல்லாம் நான் எழுதப்போவதில்லை. அதற்கு உங்கள் மேஜையில் தடியாக ஒரு கையேடு இருக்கிறது. அதைத் தலைக்கு வைத்துத் தூங்காமல் படித்தாலே போதும். மரத்துக்கு எதிரி வெயில் என்று அதில் போட்டிருக்கும். நான் வெயிலைவிட மோசமான எதிரியைப் பார்த்திருக்கிறேன். அதன் பெயர் ‘பத்து நிமிஷம்’. அதைப் பற்றித்தான் இந்தக் கதை.

முதலில் ஒரு தீப்பெட்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான் வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது வாரம். கடலோரச் சேற்றிலிருந்து ஒரு சாண் நீளத்துக்குப் பழங்காலத்து மர அகப்பை ஒன்று ஆய்வகத்துக்கு வந்தது. கறுப்பாக, வழவழவென்று, நேற்று யாரோ குழம்பு கிண்டிவிட்டு வைத்தது போல இருந்தது. நான் பொறுப்பான பெண் இல்லையா, நன்றாகக் கழுவி, துணியால் துடைத்து, காயட்டும் என்று ஜன்னல் ஓரத்தில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். மறுநாள் வந்து பார்த்தால் அகப்பை இல்லை. சுண்டைக்காய் வத்தல் மாதிரி மூன்று துண்டுதான் கிடந்தது.

காற்றுப் புகாத சேற்றுக்குள் கிடக்கிற மரம் அழுகாது. ஆனால் உள்ளே மரமென்று பெரிதாக எதுவும் மிச்சமிருக்காது. தண்ணீர்தான் அதைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருக்கும். தண்ணீர் போனால் மரமும் போச்சு. இதை யாராவது எனக்கு முன்னாலேயே சொல்லியிருக்கலாம். சொல்லியும் இருந்தார்கள். நான்தான் காதில் வாங்கவில்லை.

எங்கள் பிரிவுக்குத் தலைவராக இருந்தவர் மும்பை மாட்டுங்காக்காரர். நாங்கள் அவரை ‘சார்’ என்றுதான் கூப்பிடுவோம், இங்கேயும் அப்படியே இருக்கட்டும். அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் தன் சட்டைப்பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்து, குச்சிகளைக் கொட்டிவிட்டு, அந்த மூன்று துண்டையும் உள்ளே போட்டு என் கையில் கொடுத்தார்.

“பத்திரமா வெச்சுக்கோம்மா. சாகற வரைக்கும் மறக்காது” என்றார்.

அன்றிலிருந்து அந்தத் தீப்பெட்டி என் கைப்பையில்தான் இருக்கிறது. லோக்கல் ரயில் கூட்டத்தில் இரண்டு தடவை நசுங்கி, பெட்டி மட்டும் மாறியிருக்கிறது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். இது நடந்தபோது நான் புதியவள் இல்லை, இருபது வருஷம் சர்வீஸ் போட்டவள். செம்பூருக்கும் கோவண்டிக்கும் நடுவில், உப்பங்கழிப் பக்கம், ஒரு பம்பு நிலையத்துக்கு அஸ்திவாரம் தோண்டிக்கொண்டிருந்தார்கள். இரண்டு ஆள் ஆழத்துக்குக் கீழே மண் நிறம் மாறியது. பழைய அலையாத்திக் காட்டின் இலையும் வேருமாக மக்கி, அமுங்கி, கருப்பட்டி அல்வா போல வெட்டினால் துண்டாக வருகிற கருஞ்சேறு. அதற்குள்ளிருந்து எந்திரம் ஒரு கட்டையைப் பிடுங்கிப் போட்டது. கட்டையில் சதுரமாக ஒரு துளை. சைட் இன்ஜினியர் நல்ல பையன், வேலையை நிறுத்திவிட்டு எங்களுக்கு போன் போட்டான்.

நாங்கள் இறங்கித் தோண்டியதில் வரிசையாக ஏழு கம்பங்களும், அவற்றின் மேல் ஒரு நீளப் பலகையும் வெளியே வந்தன. எந்தக் காலத்திலோ படகுகளைக் கட்டிய துறை. பலகை மூன்று ஆள் நீளம். முனையில் மர ஆணி இறுக்கியபடி அப்படியே இருந்தது. மேல்பக்கம் முழுக்க, மரம் செதுக்கும் ஆசாரியின் வாய்ச்சி பட்ட தடம். ஒரு தடத்தில் என் கட்டைவிரலை வைத்தேன், அளவெடுத்தது மாதிரி உட்கார்ந்தது. சொல்லவே கூச்சமாக இருக்கிறது, நான் அங்கேயே அழுதுவிட்டேன். வியர்வை என்று சமாளித்தேன்.

சனிக்கிழமை கான்கிரீட் போடுவதாக நாள் குறித்திருந்தார்கள். அந்தப் பலகையை உடையாமல் தூக்க, அதற்கென்று தொட்டில் மாதிரி ஒன்று செய்ய வேண்டும். அதற்கே இரண்டு வாரம் வேண்டும். அந்த இரண்டு வாரத்தைக் கொடுக்கக்கூடியவர் ஒரே ஒருவர், பெரிய சாஹேப். மேலிடத்து அதிகாரி. வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு அவரே நேரில் வந்து பார்த்து முடிவு சொல்வதாகத் தகவல் வந்தது. கையெழுத்துப் போட்டால் பலகை பிழைக்கும். போடாவிட்டால் சனிக்கிழமையே அதன் மேல் கான்கிரீட்.

அந்தக் குழியில் எனக்கு இன்னொரு சங்கடமும் இருந்தது. கருஞ்சேற்றின் வாடை. மற்றவர்களெல்லாம் மூக்கைப் பொத்தினார்கள். எனக்கோ அது பழகின வாடை. என் அப்பா சுப்பையா தாராவியில் தோல் பட்டறையில் வேலை பார்த்தவர். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து, கால் நூற்றாண்டு தோல் ஊறும் குழிக்குள் நின்றவர். எங்கள் வீட்டுச் சாப்பாட்டிலும் என் பள்ளிக்கூட நோட்டிலும் அந்த வாடை இருக்கும். ஆபீசில் யாராவது கேட்டால் “அப்பாவுக்குக் கம்பெனி வேலை” என்பேன். பவுடரைக் கொஞ்சம் தாராளமாகப் போட்டுக்கொள்வேன். எனக்கு வெட்கம்தான், அதை இப்போது மறைத்து என்ன ஆகப்போகிறது?

கூலியாட்களின் மேஸ்திரி முருகேசன் அண்ணாச்சி கோவண்டிக்காரர். அப்பாவோடு அதே பட்டறையில் இருந்துவிட்டு, பட்டறை மூடிய பிறகு மண்வேலைக்கு வந்தவர். முதல் நாளே என்னை அடையாளம் கண்டுகொண்டார். நான் தெரியாத மாதிரி நின்றேன். புரிந்துகொண்டார் போலிருக்கிறது, அதன் பிறகு வாய்க்கு வாய் ‘மேடம்’தான்.

வியாழக்கிழமை காலையில் குழி கல்யாண மண்டபம் மாதிரி ஆகிவிட்டது. சாஹேபின் பூட்ஸ் நனையக் கூடாதென்று இன்ஜினியர் அடியில் ஊறிய தண்ணீரைச் சொட்டு விடாமல் இறைத்து, மணல் கொட்டி, மேலே பச்சைக் கம்பளம் விரித்திருந்தான். நாற்காலிகளுக்குப் பந்தல். முருகேசன் அண்ணாச்சியின் ஆட்கள் மாட்டுங்காவிலிருந்து மாலை வாங்கி வந்து, பலகைக்குச் சந்தனம் குங்குமம் வைக்கக் கிளம்பினார்கள். நான் தடுத்தேன். சும்மா விடுவார்களா, பம்பு செட்டுக்கு வைத்து, மாலையைப் போட்டு, தேங்காயையும் பக்கத்தில் வைத்தார்கள்.

பலகைக்கு மட்டும் பந்தல் கிடையாது. போட்டோவுக்கு வெளிச்சம் வேண்டுமாம். மேலே கட்டியிருந்த தார்ப்பாயை அவிழ்த்துவிட்டார்கள். பத்தரை மணிக்கு, பலகை மேல் போர்த்தியிருந்த ஈரச் சாக்குகளையும் எடுக்கச் சொன்னார் சார். இரண்டு நாள் தூரிகையால் துடைத்துச் சுத்தம் செய்த பலகை மே மாத வெயிலில் பளபளவென்று கிடந்தது. வாஸ்தவத்தில் ரொம்ப அழகாகத்தான் இருந்தது. எனக்கே பெருமையாக இருந்ததால் நானும் வாயை மூடிக்கொண்டு நின்றேன். அன்று நான் செய்த தப்பு அதுதான்.

பதினொரு மணிக்கு இன்ஜினியர் போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு, “பஸ், தஸ் மினிட் மேடம்” என்றான். அவ்வளவுதான், பத்தே நிமிஷமாம். பதினொன்றே காலுக்கும் தஸ் மினிட். பதினொன்றரைக்கும் தஸ் மினிட்.

தண்ணீர் தெளிக்கலாமென்றால் தண்ணீர் இல்லை. குழியில் ஊறுகிற தண்ணீரில் எந்திரத்து டீசல் மிதக்கும், அது மரத்தில் படவே கூடாது. பத்து மணிக்கு வர வேண்டிய நல்ல தண்ணீர் டேங்கர் வரவில்லை. டிரைவருக்கு போன் போட்டால், “மேடம், நாக்கா முச்சந்தியிலே போலீஸ் நிறுத்திட்டான். யாரோ பெரிய சாஹேப் வர்றாராம், அவர் போறவரைக்கும் ஒரு வண்டியும் விடமாட்டானாம்” என்கிறான். எங்கள் சாஹேபுக்காக எங்கள் தண்ணீரையே நிறுத்தி வைத்திருந்தார்கள். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

காலையில் எடுத்த சாக்குகளைத் தொட்டுப் பார்த்தேன். அப்பளமாகக் காய்ந்திருந்தன. அதைப் போட்டு மூடினால் மரத்தில் இருக்கிற ஈரத்தையும் உறிஞ்சிக்கொள்ளும். பந்தலுக்குள் சாஹேபுக்கென்று இரண்டு பெட்டி பாட்டில் தண்ணீர் இருந்தது. இன்ஜினியர் தடுப்பதற்குள் ஒவ்வொரு பாட்டிலாகத் திறந்து பலகை மேல் ஊற்றினேன்.

“அரே மேடம், ஓ சாஹேப் கா பானி ஹை” என்று பதறினான்.

“சாஹேப் வந்தால் பார்த்துக்கொள்ளலாம்” என்றேன். இரண்டு பெட்டியும் காலி. மரம் கால் மணி நேரம் கறுப்பாக இருந்தது. பிறகு பழையபடி மங்க ஆரம்பித்தது.

அப்போது முருகேசன் அண்ணாச்சி குனிந்து பலகையின் ஓரத்தைப் பார்த்தார். தொடவில்லை. நிமிர்ந்து என்னிடம் மட்டும் கேட்கும்படி சொன்னார்:

“மேடம், ஓரம் வெளுக்கு பாருங்க. தோலும் இப்படித்தான் போவும். வெளுத்துட்டுன்னா பெறவு தண்ணிக்குள்ளயே முக்கி வச்சாலும் திரும்பாது. உங்களுக்குத் தெரியாததா?”

‘உங்களுக்குத் தெரியாததா’ என்று கேட்ட அந்தக் கேள்வியில்தான் நான் முழித்துக்கொண்டேன். எனக்குத் தெரியும்தான். சின்ன வயசில் அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோகும்போது பார்த்திருக்கிறேன். தாராவியில் தண்ணீர் வராத நாளில், பாதி ஊறிய தோல் கரையில் கிடந்தால் அவர்கள் தண்ணீருக்குக் காத்துக்கொண்டு நிற்க மாட்டார்கள். அந்தத் தோல் ஊறிய குழியிலிருந்தே ஆவாரம்பட்டைச் சக்கையை வாரி, ஈரத்தோடு மேலே அப்பி மூடிவிடுவார்கள். எந்தக் குழியில் ஊறியதோ அந்தக் குழிச் சக்கைதான், வேறு குழிச் சக்கையைத் தொட மாட்டார்கள். அது பாட்டுக்குக் கிடக்கும், மறுநாள் தண்ணீர் வரும்வரை.

பலகையைச் சுத்தம் செய்தபோது அள்ளிய கருஞ்சேறு குழியின் மூலையில் தார்ப்பாய்க்கு அடியில் குவியலாக இருந்தது, பிறகு சலித்து விதை, இலை பொறுக்குவதற்காக. கையை விட்டுப் பார்த்தேன். உள்ளே ஜில்லென்று ஈரம்.

“சார், சேற்றைப் போட்டு மூடிடலாம்” என்றேன்.

சார் என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பது மாதிரி பார்த்தார். “என்னம்மா சொல்றே? ரெண்டு நாள் சுத்தம் பண்ணினதை மறுபடியும் புதைக்கறதா? அவர் வந்து அஞ்சு நிமிஷம்தான் நிப்பார். சேத்துக் குவியலைப் பாத்துட்டு யார் கையெழுத்துப் போடுவா? இன்னும் பத்து நிமிஷம் பொறுத்துக்கோ, வந்துண்டே இருக்கார்.”

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது, அதுதான் கஷ்டம். மூடினால் சாஹேப் பார்க்க ஒன்றுமில்லை, பலகை சனிக்கிழமை போய்விடும். மூடாவிட்டால் சாஹேப் பார்ப்பார், ஆனால் அவர் காப்பாற்றச் சொல்லிக் கையெழுத்துப் போடும்போது காப்பாற்ற ஒன்றும் இருக்காது. நீங்களானால் என்ன செய்வீர்கள் என்று இங்கே படிப்பதை நிறுத்திவிட்டு ஒரு நிமிஷம் யோசியுங்கள். எனக்கு அந்த ஒரு நிமிஷம்கூட இல்லை.

புடவையைத் தூக்கிச் செருகினேன். என் வாயிலிருந்து இருபது வருஷமாக ஆபீசில் வராத பேச்சு வந்தது.

“அண்ணாச்சி, என்னத்த பாத்துக்கிட்டு நிக்கீங்க? அந்தக் குழிச் சக்கைய அள்ளிப் போடச் சொல்லுங்க. கையாலயே அள்ளுங்க, மண்வெட்டி படக் கூடாது.”

முருகேசன் அண்ணாச்சியின் முகம் முழுக்கச் சிரிப்பு. “இப்பத்தான் சுப்பையா மவ பேசுதா” என்று ஆட்களைப் பார்த்துச் சொல்லிவிட்டு முதல் ஆளாக அவரே அள்ளினார்.

எட்டுப் பேரும் நானுமாக அள்ளி அள்ளி அப்பினோம். சார் பின்னாலேயே வந்தார். அவருக்குக் கோபத்தில் குரல் கீச்சென்று ஆகிவிட்டது. “எந்தப் புஸ்தகத்துல இருக்கு இது? எதை வெச்சுப் பண்றே? நாளைக்கு என்னைக் கேட்டா நான் என்ன பதில் சொல்றது?”

முழங்கை வரை சேற்றோடு நிமிர்ந்தேன். “புஸ்தகத்துல இல்ல சார். எங்கப்பா தாராவியில தோல் பட்டறையில வேலை பாத்தவர். அங்க இப்படித்தான் செய்வாங்க.”

சொல்லிவிட்டேன். இருபது வருஷமாகப் பவுடர் போட்டு மூடியதை, அத்தனை பேர் முன்னால். ஒன்றும் ஆகவில்லை, வானம் அங்கேயேதான் இருந்தது. சார் ஏதோ சொல்ல வாயெடுத்தார், மேலே விசில் சத்தம் கேட்டது. சாஹேப் வந்துவிட்டார். மணி ஒன்றே கால்.

சாஹேப் பச்சைக் கம்பளத்தில் நடந்து வந்து, மாலை போட்டு நிற்கும் பம்பு செட்டைப் பார்த்தார். சேற்றுக் குவியலைப் பார்த்தார். சேற்றோடு நின்ற என்னைப் பார்த்தார். கசகசவென்று வியர்த்திருந்தது அவருக்கு. முதலில் தண்ணீர் கேட்டார். இன்ஜினியர் என்னை முறைத்தான். முருகேசன் அண்ணாச்சி சட்டென்று பூஜைத் தேங்காயைக் கண் திறந்து நீட்டினார். சாஹேப் நின்றபடியே அண்ணாந்து குடித்துவிட்டு, “லக்டி கிதர் ஹை?” என்றார்.

மரம் எங்கே என்று கேட்கிறார். நான் கைப்பையை எடுத்துவரச் சொல்லி, சேற்றுக் கையோடு தீப்பெட்டியைத் திறந்து நீட்டினேன். என்னுடைய தாராவி ஹிந்தியில் சொன்னேன்: சாஹேப், இது ஒரு சாண் நீள அகப்பையாக இருந்தது. நான் ஒரே ஒரு நாள் ஜன்னலில் வைத்தேன். உங்கள் பலகை இப்படி ஆகக் கூடாதென்றுதான் மூடினேன். கண்ணுக்குக் காட்ட முடியாது. கைக்குக் காட்ட முடியும்.

சார் அந்தத் தீப்பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

சாஹேப் வாட்ச்சைக் கழற்றி இன்ஜினியர் கையில் கொடுத்தார். சட்டைக் கையைச் சுருட்டினார். கம்பளத்தில் மண்டி போட்டு, நான் காட்டின இடத்தில் சேற்றுக்குள் கையை விட்டார். நான் அவர் மணிக்கட்டைப் பிடித்து மெதுவாக நகர்த்தினேன். இது ஆணி. இது துளை. இது வாய்ச்சித் தடம், ஒன்று, இரண்டு, மூன்று, இங்கே ஆசாரி கையை மாற்றியிருக்கிறான்.

அவர் விரல் ஒரு தடத்தில் நின்றது. எனக்கு எங்கே உட்கார்ந்ததோ அங்கேயேதான். அவர் முகத்தில் இருந்த அதிகாரி எங்கே போனார் என்று தெரியவில்லை.

“ஹாத் கா காம்” என்றார் மெதுவாக. கைவேலை.

பின்னாலிருந்து அவருடைய ஆள், முலுண்டில் அடுத்த நிகழ்ச்சி காத்திருக்கிறது என்று நினைவுபடுத்தினார். சாஹேப் திரும்பிக்கூடப் பார்க்காமல், “தஸ் மினிட்” என்றார்.

முக்கால் மணி நேரம் ஆயிற்று. மூன்று வாரம் கொடுத்துக் கையெழுத்துப் போட்டார். அந்தத் தாளின் ஓரத்தில் கறுப்பாக ஒரு கட்டைவிரல் அடையாளம் இருக்கும், ஃபைலை எடுத்துப் பாருங்கள். அவர் போனதும் நாக்காவில் தடையை எடுத்தார்கள், டேங்கரும் வந்து சேர்ந்தது.

பலகையைத் தூக்கியபோது, வெளுத்த ஓரத்தில் ஒரு கை நீளத்துக்கு விரிசல் விட்டிருந்தது. இன்றைக்கும் இருக்கிறது. நான் பதினொரு மணிக்கே பேசியிருந்தால் அது வந்திருக்காது. பேசுவதற்கு எனக்கு இரண்டு மணி நேரம் ஆயிற்று, அந்த விரிசல் என்னுடையது. பலகை இப்போது உங்கள் ஆய்வகத்தில் மூன்றாவது தொட்டியில் ஊறிக்கொண்டிருக்கிறது. இன்னும் சில வருஷத்தில் வெளியே எடுக்கப்போவது நீங்கள்தான். யாராவது பெரிய மனிதர் பார்க்க வருகிறார், கொஞ்சம் முன்னாலேயே எடுத்து வையுங்கள் என்று சொன்னால், எடுக்காதீர்கள். தொட்டிக்குள் கையை விடச் சொல்லுங்கள்.

சார் என்னோடு இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் அறிக்கை தட்டச்சுக்குப் போகும் முன்னால் என் மேஜைக்கு வந்தார்.

“உங்கப்பா பேர் என்னம்மா?”

“சுப்பையா சார்.”

எழுதிக்கொண்டு போய்விட்டார். அறிக்கை வந்தபோது கடைசிப் பக்கம் பார்த்தேன். எந்த முறையில் செய்தோம், அதற்கு ஆதாரம் என்ன என்ற இடத்தில் வெளிநாட்டுப் புத்தகங்கள் நாலைந்து. அவற்றுக்கு நடுவில், ‘சுப்பையா, தோல் பதனிடும் தொழிலாளி, தாராவி. அனுபவ அறிவு, மகள் வழியாக’ என்று இருந்தது.

அன்று சாயங்காலமே அந்தப் பக்கத்தை எடுத்துக்கொண்டு தாராவிக்குப் போனேன். அப்பாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாளை இப்படியும் அப்படியும் திருப்பினார்.

“இதுல என்னட்டி எழுதிருக்கு?”

“உங்க பேருப்பா. மரத்தக் காப்பாத்துனதுக்கு.”

அப்பா தாளைக் கீழே வைத்தார். “மரமா? நான் தச்சு வேலைக்கே போனதில்லையே. வேற எவனோ சுப்பையா செஞ்ச வேலைக்கு எம்பேரப் போட்டிருக்கானுவ. அவன் பாவம், தேடிக்கிட்டு இருக்கப் போறான். நாளைக்குப் போயி மொதல்ல மாத்தச் சொல்லு.”

சரிப்பா என்றேன். மாற்றச் சொல்லவில்லை. கடைசிப் பக்கம், மேலேயிருந்து நான்காவது வரி.